ராத்திரி முழுக்க சார்ஜ்ல விடலாமா? கவாத்துக் கத்தரி, ஸ்பிரேயர், செயின் சா பேட்டரிகள்

முருங்கைக்கொல்லை | 2025 மார்ச் 8, இரவு 8.15

கவாத்துக் கத்தரி ஒண்ணு (21 வோல்ட், பேட்டரி ரெண்டு), கையடக்க செயின் சா ஒண்ணு, முதுகுல மாட்டுற பேட்டரி ஸ்பிரேயர் ஒண்ணு. எல்லாம் லித்தியம். கரண்ட் ராத்திரிதான் நிலையா வருது. சாயங்காலம் மோட்டார் ரூம்லயே சொருகிட்டு வந்தா காலையில எடுத்துக்கறோம். கடைக்காரர் "உள்ள பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கற சர்க்யூட் போர்டு) இருக்கு, ஒண்ணும் ஆகாது"ங்கறார். வீட்டுல "தீப்பிடிச்சா என்ன பண்ணுவ"ங்கறாங்க. யார் சொல்றது சரி?

ஓம்மீட்டர் | மார்ச் 8, இரவு 9.40

வீட்டுல சொல்றதுதான்.

குளத்துக்குத் தண்ணி வர்ற வாய்க்கால்ல ஒரு ஷட்டர் இருக்கும், கரையில ஒரு கலிங்கு இருக்கும். நிறைஞ்சதும் ஷட்டரை அடைக்கணும். அடைக்க மறந்தா கரை உடையாம இருக்கத்தான் கலிங்கு. உங்க சார்ஜர்தான் ஷட்டர், பிஎம்எஸ் கலிங்கு. கலிங்கு இருக்குன்னு தினமும் ஷட்டரைத் திறந்து போட்டுட்டுத் தூங்கப் போறவரை ஊர்ல என்ன சொல்வாங்க?

லித்தியம் செல் ஒண்ணு நிறைஞ்சா 4.2 வோல்ட். 21 வோல்ட்டுன்னு எழுதின பேட்டரிக்குள்ள அஞ்சு செல் வரிசையா நிக்குது: 5 x 4.2 = 21. ஒழுங்கான சார்ஜர் முதல்ல ஒரே ஆம்பியர்ல தள்ளி 21-க்கு ஏத்தும். அப்புறம் வோல்ட்டை 21-லயே நிறுத்தி ஆம்பியரைக் குறைச்சுக்கிட்டே வந்து, கடைசியில சுத்தமா துண்டிச்சிடும். மெஷினோட டப்பாவுல இலவசமா வர்ற சின்ன அடாப்டர்ல பல கடைசி வேலையைச் செய்யாது. விளக்கு பச்சையானாலும் 21-ஐ விடாமப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். விடிய விடிய நிறைஞ்ச வோல்ட்ல நிக்கற செல் சீக்கிரம் கிழடாகும். பிஎம்எஸ் எப்ப எழுந்திருக்கும்? ஏதாவது ஒரு செல் 4.25, 4.28 தாண்டினாத்தான். அது வரைக்கும் அது தூங்கும்.

பச்சை வந்ததும் உருவிடுங்க. மோட்டார் ரூம்ல வேண்டாம், அதைப் பத்தி நாளைக்கு எழுதறேன்.

ஓம்மீட்டர் | மார்ச் 8, இரவு 10.05

எழுதினதைத் திரும்பப் படிச்சேன், "பச்சை வந்ததும்"னு சொன்னதுல ஒரு ஓட்டை இருக்கு. இந்த அடாப்டர்கள்ல பச்சைக்கு "நிறைஞ்சாச்சு"ன்னு அர்த்தம் இல்ல, "ஆம்பியர் போகல"ன்னுதான் அர்த்தம். பேட்டரியைச் சொருகாம சும்மா பிளக்குல வச்சுப் பாருங்க, அப்பவும் பச்சைதான் எரியும். உள்ள ஒரே ஒரு செல் மட்டும் முந்திக்கிட்டு 4.28-க்குப் போய் பிஎம்எஸ் துண்டிச்சாலும் பச்சைதான்.

வித்தியாசம் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். பச்சை வந்து அரை மணி கழிச்சு பேட்டரி முனையில அளங்க. 20.6-லேர்ந்து 21.0-க்குள்ள இருந்தா சரி. பச்சை வந்தும் 20-க்குக் கீழ நின்னா அஞ்சு செல்லும் ஒரே மட்டத்துல இல்ல. அந்த பேட்டரியை ஆள் இல்லாத நேரத்துல சார்ஜ்ல போடவே கூடாது. மாத்தறதுதான் வழி.

தேயிலைக்காடு | மார்ச் 9, காலை 6.30

என் பேட்டரியில 188 விஎஃப்-னு போட்டிருக்கு. அதுக்கு சார்ஜர் எத்தனை வோல்ட்?

ஓம்மீட்டர் | மார்ச் 9, காலை 7.10

21 தான். 48, 98, 188 எல்லாமே அதே அஞ்சு செல் டப்பா. அந்த "எஃப்" என்னன்னு விக்கறவருக்கே தெரியாது. நம்பி 48 வோல்ட் சார்ஜரைச் சொருகிடாதீங்க.

18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட்டுன்னு பேர் பல இருந்தாலும் ஆள் ஒருத்தர்தான். செல்லுக்கு 3.6 கணக்குப் போட்டா 18, நிறைஞ்ச கணக்குப் போட்டா 21, ரெண்டுக்கும் நடுவுல விளம்பரக் கணக்கு 20. அதே மாதிரி 36-ம் 40-ம் ஒண்ணு. அதுல பத்து செல் வரிசை, நிறைஞ்சா 42.

ஏஹெச் (ஆம்பியர்-அவர், பேட்டரியோட கொள்ளளவு) விஷயத்துலயும் இதே கூத்து. 18650 அளவு செல் (விரல் தடிமனைவிடக் கொஞ்சம் பெரிசு, 18 மில்லிமீட்டர் குறுக்கு, 65 நீளம்) ஒண்ணுல பொதுவா 3.5 ஏஹெச் வரைக்கும்தான் அடைக்கறாங்க. ரெண்டு ரெண்டா அஞ்சு வரிசை, மொத்தம் பத்து செல் போட்டாலும் 7 தாண்டாது. அதே டப்பாவுல "12000 எம்ஏஹெச்"னு, அதாவது 12 ஏஹெச்னு, அச்சடிச்சிருந்தா தராசுல வைங்க. செல் ஒண்ணு சுமார் 45 கிராம். பத்து செல் இருந்தா செல்லே அரைக்கிலோவுக்குப் பக்கம், மேல கூடு வேற. மொத்தமே 350 கிராம்னா உள்ள அஞ்சுதான்.

தராசு இல்லன்னா கடிகாரம். 1 ஆம்பியர் சார்ஜர்ல காலியிலேர்ந்து ரெண்டரை மணியில பச்சை வந்துட்டா அது 2 ஏஹெச் பேட்டரி. லேபிள்ல என்ன எழுதியிருந்தாலும் சரி.

ஓம்மீட்டர் | மார்ச் 9, இரவு 9.20

மோட்டார் ரூம் ஏன் வேண்டாம்.

தகரக் கூரை. மார்ச் மாசம் மத்தியானம் உள்ள 45 டிகிரி தாண்டும். பெரும்பாலான லித்தியம் செல்லுக்கு சார்ஜ் ஏத்தறதுக்கான உச்சமே 45. மக்கிட்டா கம்பெனி கையேட்டுல இன்னும் இறுக்கம்: 10-லேர்ந்து 40 டிகிரிக்குள்ள, சூடா இருந்தா ஆறவிட்டு ஏத்துன்னு இருக்கு. இது காத்தோட சூடு. வெட்டிட்டு வந்த பேட்டரிக்குள்ள இருக்கிற சூடு வேற கணக்கு. முருங்கையில கட்டைக் கிளையா வெட்டித் தள்ளிட்டு வந்தா உள்ள 50, 60 இருக்கும். செல்லிலேர்ந்து கரண்ட் எடுக்கும்போது 60 வரைக்கும் தாங்கும், ஏத்தும்போது தாங்காது. ஆனா எல்லாரும் செய்யறது என்ன? டீ குடிக்கற நேரத்துல சட்டுனு சொருகறது.

நிழல்ல, காத்தோட்டத்துல முக்கால் மணி வைங்க. உள்ளங்கைக்கு வெதுவெதுப்புகூடத் தெரியக்கூடாது, அப்பதான் சொருகணும். ஈரத்துணி சுத்தறது, ஃப்ரிட்ஜ்ல வைக்கறது ரெண்டும் வேண்டாம். குளிர்ந்த டப்பாவை வெளிய எடுத்ததும் உள்ள நீர் கோத்துக்கும், பிஎம்எஸ் போர்டுல அந்த ஈரம் போதும்.

அப்புறம் உங்க மோட்டார் ரூம்ல வேற என்ன இருக்குன்னு கேக்காமலே சொல்றேன்: பூச்சிமருந்து பாட்டில், பெட்ரோல் கேன், பழைய சாக்கு, தேங்கா மட்டை. பேட்டரி பக்கத்துல இருக்கக் கூடாத பட்டியல் அதேதான்.

வயர்மேன் | மார்ச் 9, இரவு 10.45

சூட்டைவிட மோட்டார் ரூம்ல கரண்ட்தான் பெரிய வில்லன். அங்க பாதிப் பேர் மும்முனையில ஒரு பேஸை எடுத்து, நியூட்ரலுக்குப் பதிலா எர்த் கம்பியில பிளக்கைக் கோத்து வச்சிருக்காங்க. எர்த் குழி காஞ்சா வோல்ட் இறங்கும், மழை பெஞ்சா ஏறும். கம்பி விட்டுப்போச்சுன்னா அந்தக் கம்பியில கைவைக்கறவர் கதி அவ்வளவுதான்.

நியூட்ரல் ஒழுங்கா இருக்கற இடத்துலயும் அது அறுந்தா ரெண்டு பேஸுக்கு நடுவுல சாமான் மாட்டிக்கும், 400 வோல்ட் வரைக்கும் போகும். சார்ஜர் மேல 100-240-னு எழுதியிருக்கும். உள்ள இருக்கற பெரிய கெபாசிட்டர் 400 வோல்ட் தாங்கறது. 230 வர்றப்பவே அதுல 325 நிக்கும், 400 வந்தா 565. பட்டுனு வெடிச்சு, சார்ஜர் செத்தா நல்லது. சாகாம அரைகுறையா நின்னா பேட்டரிக்கு என்ன வோல்ட் போகும்னு யாராலும் சொல்ல முடியாது.

வீட்டு லைன்ல, 30 மில்லி ஆம்பியர் இஎல்சிபி (கரண்ட் கசிஞ்சா தானே துண்டிக்கற பிரேக்கர்) இருக்கற பிளக்குல போடுங்க.

ஓம்மீட்டர் | மார்ச் 9, இரவு 11.00

வயர்மேன் அண்ணன் சொன்னதை என் பதிலுக்கு மேல வச்சுப் படிங்க. நான் அதை விட்டுட்டேன்.

முருங்கைக்கொல்லை | மார்ச் 10, காலை 5.50

சரி, வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன். இன்வெர்ட்டர்ல போடலாமா? ஜெனரேட்டர்?

ஓம்மீட்டர் | மார்ச் 10, காலை 8.00

சைன் வேவ் இன்வெர்ட்டர்னா போடலாம். 21 வோல்ட் 2 ஆம்பியர் சார்ஜர் கொடுக்கறது 42 வாட், இழப்பு சேத்தா 50 சொச்சம். இன்வெர்ட்டருக்கு அது சுண்டைக்காய். பழைய ஸ்கொயர் வேவ்ல சார்ஜர் சூடாகும், உறுமும், உறுமினா உருவிடுங்க. சின்ன ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் ஓடவிட்டு, வோல்ட் நிலைச்சதும் சொருகுங்க. பெட்ரோல் தீர்ந்து திக்கித் திணறி நிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க.

வைக்கற இடம்: சிமெண்ட் தரை, டைல்ஸ், கல் திண்ணை. கட்டில், சோபா, மர அலமாரி, அட்டைப்பெட்டி ஆகாது. சுத்தி ஒரு முழம் காலியா இருக்கட்டும். முக்கியமா, வெளிய ஓடற வாசப்படிக்குப் பக்கத்துல வைக்காதீங்க.

தூங்கித்தான் ஆகணும்னா டைமர் பிளக். ஏஹெச்-ஐ சார்ஜர் ஆம்பியரால வகுத்து ஒரு மணி சேருங்க. 4 ஏஹெச், 2 ஆம்பியர்னா மூணு மணி. சக்கரம் சுத்தற மெக்கானிக்கல் டைமர் கரண்ட் போனா தானும் நிக்கும், கரண்ட் வந்தா விட்ட இடத்துலேர்ந்து எண்ணும். நம்ம ஊர் கரண்ட்டுக்கு டிஜிட்டலைவிட அதுதான் தோது. ஆனா டைமர் போட்டாச்சுன்னு மோட்டார் ரூமுக்குத் திரும்பிடாதீங்க.

தேயிலைக்காடு | மார்ச் 10, மதியம் 1.20

எங்களுக்கு வெயில் பிரச்சினை இல்ல. ஊட்டி பக்கம் ஜனவரியில உறைபனி. ஷெட்ல ராத்திரி கிடந்த பேட்டரியை காலையில சார்ஜ் போட்டா ஏறுது. ஏறினா சரிதானே?

ஓம்மீட்டர் | மார்ச் 10, இரவு 8.30

ஏறுதுங்கறதுதான் சிக்கல். பூஜ்யத்துக்குக் கீழ லித்தியம் செல்லோட மைனஸ் பக்கத்துல இருக்கற கிராஃபைட்டுக்குள்ள நுழையறதுக்குத் திணறி, மேலயே உலோகமாப் படியும். படிஞ்சதுல பெரும்பகுதி திரும்பாது. கொள்ளளவு நிரந்தரமாக் குறையும், அந்தப் படிவு ஊசி மாதிரி வளந்தா நடுவுல இருக்கற மெல்லிய தடுப்பைக் குத்தி உள்ளயே ஷார்ட் ஆகும். அதுவும் அன்னைக்கே ஆகாது, மாசக்கணக்குல கழிச்சு, வெயில் காலத்துல ஆகலாம். அப்ப யாரும் ஜனவரியை நினைச்சுப் பாக்க மாட்டாங்க.

ராத்திரியே வீட்டுக்குள்ள வைங்க. மறந்துட்டா அறைக்குக் கொண்டுவந்து ரெண்டு மூணு மணி, அது அறைச் சூட்டுக்கு வந்ததும் போடுங்க. அடுப்பு மேல, ஹீட்டர் முன்னாடி காட்ட வேண்டாம். குளிர்ல மெஷினை ஓட்டறது தப்பில்ல, கொஞ்சம் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான்.

ஓம்மீட்டர் | மார்ச் 10, இரவு 8.55

இதோட தொடர்ச்சி ஒண்ணு. சூடு குளிர் பாத்து சார்ஜரே நிறுத்தாதான்னு கேப்பீங்க. நல்ல பேட்டரி நிறுத்தும். பேட்டரி சொருகற இடத்துல எத்தனை உலோக முனை சார்ஜரைத் தொடுதுன்னு எண்ணுங்க. ரெண்டுக்கு மேல இருந்தா சூட்டுச் சென்சார் சேதி சொல்ல வழி இருக்கு. உருளைப் பின் சொருகற அடாப்டர்ல பிளஸ், மைனஸ் மட்டும்தான், சார்ஜருக்கு உள்ள நடக்கறது எதுவும் தெரியாது. மக்கிட்டாவோட டிசி18ஆர்சி 9 ஆம்பியர் தள்ளி 5 ஏஹெச் பேட்டரியை 45 நிமிஷத்துல நிரப்புதுன்னா, அது சூட்டைக் கேட்டுக்கிட்டே, பேட்டரிக்குள்ள காத்தையும் ஊதிக்கிட்டே செய்யுது. முடிஞ்சதும் பாட்டு வேற பாடும். வேகமா ஏத்தறது தப்பில்ல, கண்ணைக் கட்டிக்கிட்டு வேகமா ஏத்தறதுதான் தப்பு. உருளைப் பின் அடாப்டருக்கு "ஃபாஸ்ட் சார்ஜர்"னு 5 ஆம்பியர் மாத்து வாங்கிப் போடாதீங்க.

வளைகுடாப்பெட்டி | மார்ச் 12, மாலை 4.00

கொஞ்சம் விலகிப் போறேன். அடுத்த மாசம் ஊருக்கு வரும்போது 18 வோல்ட் 5 ஏஹெச் பேட்டரி ரெண்டு கொண்டு வரலாமா?

ஓம்மீட்டர் | மார்ச் 12, மாலை 6.10

18 x 5 = 90 வாட்-அவர். 100-க்குள்ள, அதனால கையோட எடுத்துட்டு வரலாம். சரக்குப் பெட்டியில போடக் கூடாது. மெஷின் நேர்மாறு, அது கைப்பையில ஏறாது, பெட்டியில போகட்டும். 100-லேர்ந்து 160 வரைக்கும் விமானக் கம்பெனி முன்கூட்டி சம்மதிக்கணும். 36 வோல்ட் 5 ஏஹெச் 180, அதை மறந்துடுங்க. முனைகள்ல டேப் ஒட்டி, ஒவ்வொண்ணையும் தனித்தனி பையில போடுங்க.

முருங்கைக்கொல்லை | மார்ச் 15, இரவு 9.00

மழைக்காலத்துல மூணு மாசம் வேலை இருக்காது. ஃபுல்லா ஏத்தி வைக்கறதா, காலியா வைக்கறதா? உப்பிப்போனா தூக்கிப் போட்டுடணும்னு தெரியும்.

ஓம்மீட்டர் | மார்ச் 15, இரவு 10.30

ரெண்டும் இல்ல, பாதி. 21 வோல்ட் பேட்டரின்னா 18.5-லேர்ந்து 19-க்குள்ள. நாலு விளக்குல ரெண்டுன்னு சொல்லலாம், ஆனா அந்த விளக்கு வெறும் வோல்ட்டைத்தான் பாக்கும். சார்ஜ்லேர்ந்து எடுத்ததும் கூடக் காட்டும், வெட்டிட்டு வந்ததும் குறைச்சுக் காட்டும். ஒரு மணி சும்மா வச்சுட்டு அழுத்திப் பாருங்க. ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் அளங்க, 18-க்குக் கீழ போனா அரை மணி ஏத்துங்க. மெஷின்ல மாட்டியே வைக்காதீங்க, ஸ்விட்ச் போர்டு கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுக்கிட்டே இருக்கும்.

மூணு மாசம் மறந்து 12 வோல்ட்டுக்குக் கீழ போயிட்டா சார்ஜர் ஏத்த மறுக்கும். அப்ப நல்ல பேட்டரியோட ரெண்டு ஒயர் கோத்து "எழுப்பற" வீடியோ நிறைய வருது. செய்யாதீங்க. ரொம்பக் காலியில கிடந்த செல்லுக்குள்ள செம்புத் தகடு கரையும், திரும்ப ஏத்தும்போது அந்தச் செம்பு கண்ட இடத்துல படியும். சார்ஜர் மறுக்குதுன்னா காரணத்தோடதான் மறுக்குது.

உப்பறது: அது போன் பேட்டரிக்கு. இந்த உருளைச் செல் இரும்புக் கூட்டுக்குள்ள இருக்கு, உப்பாது. வேற அடையாளம் பாருங்க: நகப்பூச்சு மாதிரி தித்திப்பு வாசனை, முனை ஓரத்துல பிசுபிசுப்பு இல்ல துரு, வேலை இல்லாமலே சூடு, நேத்து ஏத்தினது இன்னைக்கு ஒரு வோல்ட் இறங்கிக் கிடக்கறது. கீழ விழுந்து கூடு பிளந்தது, மழைத் தண்ணியில முங்கினது, ரெண்டும் காஞ்சு வேலை செஞ்சாலும் சார்ஜ்ல போடாதீங்க.

பக்கத்துல ஒரு பக்கெட் மணல் வச்சுக்கோங்க.

வயர்மேன் | மார்ச் 16, காலை 7.15

மணலா? செல் தன் நெருப்புக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்குது. மணலைப் போட்டு மூடினா சூடு எங்க போகும்?

ஓம்மீட்டர் | மார்ச் 16, காலை 7.50

சரிதான், திருத்திக்கறேன். மணல் பக்கத்துல பரவறதைக் கொஞ்சம் தடுக்கும், குளிர வைக்காது. பவுடர் சிலிண்டரும் சுடரை அமுக்கும், செல் அடுத்த நிமிஷம் திரும்பப் பத்தும். குளிர வைக்கறது தண்ணிதான், அதுவும் நிறைய.

வரிசை இது: மெயினை ஆஃப் பண்ணுங்க, பிளக்கைத் தொடாதீங்க. "உஸ்"ஸுன்னு வெள்ளையா வர்றது நீராவி இல்ல, எரியற வாயு, விஷமும்கூட. குனிஞ்சு பாக்காதீங்க. ஆளுங்க வெளிய, கதவு ஜன்னல் திறந்து. ஹோஸ் கைக்கு எட்டினா வெளிய நின்னு அடிங்க, எட்டலன்னா 101-க்கோ 112-க்கோ கூப்பிடுங்க. அணைஞ்ச பேட்டரியை வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி வெட்டவெளியில ஒரு நாள் முழுக்க விடுங்க. மணிக்கணக்கு கழிச்சும் பத்தும்.

ஓம்மீட்டர் | மார்ச் 16, காலை 8.20

முருங்கைக்காரரே, இத்தனை நாளா ஸ்பிரேயரை யாரும் கேக்கல. முதல்லயே கேட்டிருக்கணும். அது வாங்கும்போதே லித்தியமா, இல்ல லெட் ஆசிட் பேட்டரியை எடுத்துட்டு மாத்தினதா? மாத்தினதுன்னா சார்ஜரையும் மாத்தினாங்களா?

ரெண்டு சார்ஜரோட வெளி வோல்ட்டையும் அளந்து சொல்லுங்க. மீட்டரை டிசி-யில வச்சு, சிவப்பு முனை பின்னோட ஓட்டைக்குள்ள, கறுப்பு வெளி உருளையில. ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடாம.

முருங்கைக்கொல்லை | மார்ச் 16, இரவு 7.40

அளந்தேன். கத்தரி சார்ஜர் 21.1. ஸ்பிரேயர் சார்ஜர் 14.5. பேட்டரி போன வருஷம் மாத்தினது, மேல 11.1 வோல்ட் லித்தியம்னு இருக்கு. சார்ஜர் பழசு, 12 வோல்ட் 1.7 ஆம்பியர். ரெண்டு சார்ஜருக்கும் பின் ஒரே சைஸ்.

ஓம்மீட்டர் | மார்ச் 16, இரவு 7.55

அந்தச் சார்ஜரை இனிமே சொருகாதீங்க. இன்னைக்கு ராத்திரியும் வேண்டாம்.

11.1-னா மூணு செல், 12.6-ல நிறுத்தணும். 14.5-ஐ மூணால வகுத்தா செல்லுக்கு 4.8 வோல்ட்டுக்கு மேல. போன வருஷத்துலேர்ந்து ஒவ்வொரு ராத்திரியும் பிஎம்எஸ்தான் துண்டிச்சு நிறுத்தியிருக்கு. அதுல சுவிட்சா வேலை செய்யற மாஸ்ஃபெட் ஒண்ணு ஷார்ட் ஆகியிருந்தா நிறுத்த ஆளே இல்ல. கலிங்குலயே வருஷம் பூரா தண்ணி போயிருக்கு.

12.6 வோல்ட், 1 இல்ல 2 ஆம்பியர் லித்தியம் சார்ஜர் வாங்குங்க. லேபிள்ல பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் "ஆர்" எழுத்துல தொடங்கற பதிவு எண்ணும் இருக்கணும், அதை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா யார் பேர்ல பதிவுன்னு காட்டும். பேட்டரி மேல 12.8-னு இருக்கற ஸ்பிரேயர்காரங்க குழப்பிக்காதீங்க, அது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், நாலு செல், அதுக்கு 14.6. வெறும் "12 வோல்ட்"னு மட்டும் இருந்தா வித்தவர்கிட்ட எத்தனை செல்னு கேட்டு எழுதி வாங்குங்க.

பழைய பேட்டரி மேல எனக்கு நம்பிக்கை இல்ல. வச்சுக்கறதா இருந்தா புதுச் சார்ஜர்ல மூணு தரம் பகல்ல, கண்ணெதிர்ல ஏத்திப் பாருங்க. சூடானாலோ 12.3 தாண்டலன்னாலோ கழிச்சுடுங்க. முனைகளை டேப் ஒட்டி, வித்தவர்கிட்டயே திருப்பிக் கொடுங்க. 2022 பேட்டரிக் கழிவு விதிப்படி திரும்ப வாங்கற பொறுப்பு தயாரிப்பாளருக்கு. பழைய இரும்புக்காரர் மூட்டையில போட்டுடாதீங்க.

கத்தரி சார்ஜர் 21.1, அது சரி. ஆனா அதே பின் ஸ்பிரேயருக்கும் பொருந்துது. அவசரத்துல யாராவது மாத்திச் சொருகினா மூணு செல் பேட்டரிக்கு 21 வோல்ட்.

முருங்கைக்கொல்லை | மார்ச் 17, காலை 6.05

சிவப்பு நகப்பூச்சு கத்தரிக்கும் அதோட சார்ஜருக்கும், பச்சை ஸ்பிரேயருக்கு. வீட்டுல குடுத்தாங்க. போதுமா?

வயர்மேன் | மார்ச் 17, காலை 6.40

கூலிக்கு வர்றவங்க நிறம் பாக்க மாட்டாங்க. ஸ்பிரேயருக்குப் புதுச் சார்ஜர் வாங்கறப்ப ரெண்டு பக்கமும் மூணு முள் ஏவியேஷன் கனெக்டர் போட்டுடுங்க, ஜிஎக்ஸ்12-னு கேட்டாக் கடையில தருவாங்க. ரெண்டு முள்ளுக்கு மட்டும் ஒயர் கோத்தாப் போதும். அப்புறம் மாத்திச் சொருகணும்னு நினைச்சாலும் நுழையாது.

ஓம்மீட்டர் | மார்ச் 17, காலை 6.50

ஓட்டைப் பக்கம் பேட்டரியில, முள் பக்கம் சார்ஜர்ல வர்ற மாதிரி கோக்கணும். மாத்திக் கோத்தா சாவிக்கொத்து பட்டாலே பேட்டரி ஷார்ட்.